அறுபது மணி நேரம் என்ற சாக்கு

பெரிய கூட்டணிக்குள் இருக்கும் சின்ன நாட்டுக்குச் சொந்தப் படை எதற்கு? எஸ்தோனியாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கேட்பவர்கள் பலவகை. பிறர் சண்டையில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்பவர்கள், நேட்டோவே உலகத்துக்குக் கேடு என்பவர்கள், ராணுவத்துக்குப் போகும் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுங்கள் என்பவர்கள், உலக அரசியலை வல்லரசுகளின் கொடுக்கல் வாங்கலாக மட்டுமே பார்க்கப் பழகிய நம்மூர் விமர்சகர்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் எஸ்தோனிய விஷயத்தில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்: அந்த நாடு தன் பாதுகாப்புக்குக் கொட்டும் பணமும் உழைப்பும் வீண். இந்த முடிவு தவறு. எஸ்தோனியர்களே இதை நம்பத் தொடங்கினால் அவர்கள் நாட்டை இழக்கவும் கூடும் என்பதால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் தரப்பைக் குறை வைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஸ்தோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம். எல்லைக்கு அந்தப் பக்கம் 14 கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட, அணு ஆயுதம் வைத்திருக்கிற ரஷ்யா. எஸ்தோனியாவிடம் போர் விமானமும் இல்லை, டாங்கியும் இல்லை. 2016இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ரஷ்யப் படை எஸ்தோனியத் தலைநகர் தாலின், லாட்வியத் தலைநகர் ரீகா ஆகியவற்றின் வாசலுக்கு வந்துசேர அதிகபட்சம் 60 மணி நேரம் போதும் என்று கணக்கிட்டது. ஆகவே அந்த நாட்டைக் காப்பது நேட்டோ உடன்படிக்கையின் 5ஆவது பிரிவும் அதன் பின்னால் இருக்கும் அமெரிக்க அணு ஆயுதமும்தான். எஸ்தோனியப் படை என்பது கூட்டணிக்குக் கட்டும் சந்தா. அந்தச் சந்தாவை மலிவாகக் கட்ட வழி உண்டு: இணையப் பாதுகாப்பில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதைக் கொடுக்கட்டும். இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைப்பதும், நாட்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்கு ஒதுக்குவதும், எல்லையில் பதுங்கு குழி தோண்டுவதும் போரின் முடிவை மாற்றப் போவதில்லை. ரஷ்யாவைச் சீண்ட மட்டுமே உதவும். போர் வந்தே விட்டால், எதிர்த்து நிற்பது அழிவைக் கூட்டும்.

இந்த வாதத்தைச் சொல்பவர்களில் ராணுவம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதன் ஒவ்வொரு கண்ணியும் தட்டிப் பார்த்தால் விட்டுப்போகிறது.

1. உடன்படிக்கையை வாசித்தவர் யார்?

5ஆவது பிரிவு தானாக இயங்கும் பொறி என்ற நினைப்பில்தான் பாதி விவாதம் நடக்கிறது. 1949 ஏப்ரல் 4ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லா உறுப்பு நாடுகள் மீதான தாக்குதலாகக் கருதும் என்கிறது. அதற்கு அடுத்து என்ன? ஒவ்வொரு நாடும் தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும். ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அந்த நடவடிக்கைகளில் ஒன்றாக இருக்கலாம். படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் எழுதவில்லை. போரை அறிவிக்கும் உரிமையைத் தன் கையைவிட்டுப் போகவிடாத அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி எழுதவும் விட்டிருக்காது. நேட்டோவில் இப்போது 32 நாடுகள். முடிவுகள் ஒருமித்த சம்மதத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

5க்கு முன்னால் 3ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. தாக்குதலை எதிர்த்து நிற்கும் திறனை ஒவ்வொரு நாடும் இடைவிடாத சொந்த முயற்சியாலும் பரஸ்பர உதவியாலும் தக்கவைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எஸ்தோனியாவுக்குப் படை எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பிரிவின் பெயரையே எடுப்பதில்லை. உதவி வாங்கும் தகுதியைப் பற்றிய பிரிவு அது. எழுதியவர்கள் அதை 5க்கு முன்னால் வைத்தார்கள்.

இப்போது எஸ்தோனியாவின் எல்லை நகரமான நார்வாவை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் நார்வா கோட்டை, அந்தக் கரையில் ரஷ்யாவின் இவாங்கோரத் கோட்டை. நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். ஓர் அதிகாலையில் அடையாளமில்லாத சீருடைக்காரர்கள் நகராட்சிக் கட்டடத்தைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மாஸ்கோ மறுக்கிறது. 32 தலைநகரங்களில் அது உண்மையா, படையெடுப்பா, உள்ளூர்க் கலவரமா என்ற வாக்குவாதம் தொடங்குகிறது. அந்த வாக்குவாதம் ஆறு மணி நேரத்தில் முடியலாம், ஆறு நாளும் ஆகலாம். அதுவரை நார்வா சாலையில் நிற்கப்போவது யார்? அணு ஆயுதம் அந்தச் சாலையில் நிற்காது. ஒரு எல்லை நகரத்தின் நகராட்சிக் கட்டடத்துக்காக எந்த அமெரிக்க அதிபரும் அணுகுண்டை எடுக்கமாட்டார் என்பது மாஸ்கோவுக்கும் தெரியும். சண்டை சத்தமில்லாமல் முடிந்துபோனால், கூட்டணியின் முன் இருக்கும் கேள்வியே மாறிவிடுகிறது. 'காப்பாற்றலாமா' என்ற கேள்வி போய், 'நடந்து முடிந்ததை மாற்ற ஒரு பெரும்போரைத் தொடங்கலாமா' என்ற கேள்வி வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய பல நாடுகள் இரண்டாவது கேள்விக்குத் தயங்கும். எஸ்தோனியப் படையின் முதல் வேலை, கேள்வி மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது.

2. 60 மணி நேரத்துக்குப் பிறகான பக்கங்களையும் புரட்டுங்கள்

ராண்ட் அறிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் ஒரே ஒரு எண்ணை உருவிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். டேவிட் ஷ்லாபக், மைக்கேல் ஜான்சன் எழுதிய அந்த அறிக்கையின் முடிவு 'பால்டிக் நாடுகளைக் காப்பாற்ற முடியாது' என்பதாக இல்லை. சுமார் ஏழு பிரிகேடுகள், அவற்றில் மூன்று கனரகக் கவசப் பிரிகேடுகள், விமானப் படையின் துணையோடு முன்கூட்டியே களத்தில் இருந்தால், அந்த நாடுகளைச் சட்டென்று விழுங்குவதைத் தடுக்கலாம் என்பதுதான் அதன் பரிந்துரை. கையில் படை குறைவு, கூட்டுங்கள் என்று சொன்ன அறிக்கையை எடுத்து, படையே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். இது நேர்மையான வாசிப்பு ஆகாது.

அந்த ஒத்திகைகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் நடந்தவை. பிரிட்டன் தலைமையிலான நேட்டோ படைக்குழு எஸ்தோனியாவின் தாப்பா நகருக்கு வந்தது 2017இல். பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் நேட்டோவில் சேர்ந்தன. அதற்கு முன் நடுநிலை நாடுகளின் கரைகள் பாதி சூழ்ந்திருந்த பால்டிக் கடல், இன்று ரஷ்யாவின் இரண்டு முனைகள் நீங்கலாக நேட்டோ நாடுகளின் கடல். பத்தாண்டுப் பழைய எண்ணை இன்றைய நிலைமையைப் போல எடுத்துக்காட்டுவது சரியில்லை.

இன்னொரு கணக்கும் இருந்தது. 2022 பிப்ரவரியில் கீவ் நகரம் சில நாட்களுக்குள் விழும் என்று வாஷிங்டனும் நம்பியது, மாஸ்கோவும் நம்பியது. பீரங்கி எத்தனை, டாங்கி எத்தனை, விமானம் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வந்த முடிவு அது. எண்ணப்பட்டவை சரியாகத்தான் எண்ணப்பட்டன. கீவுக்கு அருகிலுள்ள ஹோஸ்டோமெல் விமான நிலையத்தைச் சுற்றி இருந்தவர்கள் சண்டையிடுவார்களா என்பதை யாரும் எண்ணவில்லை.

3. உதவி யாருக்கு வருகிறது?

இதுதான் முழு விவாதத்தின் மையம். சின்ன நாட்டின் எதிர்ப்பும் பெரிய நாடுகளின் உதவியும் தனித்தனியானவை, இரண்டாவது இருந்தால் முதலாவது தேவையில்லை என்று எதிர்த்தரப்பு நினைக்கிறது. வரலாறு வேறு விதமாக நடந்திருக்கிறது. முதலாவது இல்லாத இடத்துக்கு இரண்டாவது பெரும்பாலும் வந்ததில்லை, அல்லது வந்து பயனில்லாத நேரத்தில் வந்தது.

ஒரே நாட்டை எட்டு ஆண்டு இடைவெளியில் பாருங்கள். 2014 பிப்ரவரி இறுதியில் அடையாளமில்லாத ரஷ்யப் படையினர் கிரிமியாவின் அரசுக் கட்டடங்களைப் பிடித்தார்கள். அங்கிருந்த உக்ரைன் படைகள் ஏறக்குறைய சுடவே இல்லை. மார்ச் 18ஆம் தேதி கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் ஒப்பந்தத்தில் புதின் கையெழுத்திட்டார். உலகம் கண்டித்தது. ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. தனிநபர்கள் சிலர் மீது தடை வந்தது. அமெரிக்காவின் ஜாவலின் ஏவுகணைகள் உக்ரைனுக்கு வந்துசேர 2018 ஆயிற்று.

2022 ஜனவரி இறுதி. எல்லையில் ரஷ்யப் படை குவிந்து நிற்கிறது. ஜெர்மனி உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தது 5,000 தலைக்கவசங்கள். அதே ஜனவரியில், ஒரு காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் சொத்தாக இருந்த டி-30 பீரங்கிகளை உக்ரைனுக்கு அனுப்ப எஸ்தோனியா அனுமதி கேட்டது; பெர்லின் கொடுக்கவில்லை. பிப்ரவரி 24இல் படையெடுப்பு தொடங்கியது. கீவ் விழவில்லை. பிப்ரவரி 26ஆம் தேதி, இரண்டே நாளில், ஜெர்மனி 1,000 டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களையும் 500 ஸ்டிங்கர் ஏவுகணைகளையும் தருவதாக அறிவித்தது. எஸ்தோனியப் பீரங்கிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த இரண்டு நாளில் ஜெர்மனியின் சட்டமோ அரசாங்கமோ மாறிவிடவில்லை. கீவ் நின்றது என்பது மட்டும்தான் புதிய செய்தி. முதல் நாளிலேயே உக்ரைன் அதிபர் ஓடியிருந்தால் அந்த ஆயுதங்களை அனுப்ப ஒரு முகவரி இருந்திருக்காது.

எஸ்தோனியர்களுக்கு இது புதிய பாடமில்லை. 1918 நவம்பர் 28ஆம் தேதி செம்படை நார்வாவைத் தாக்கியபோது எஸ்தோனியக் குடியரசு ஒன்பது மாதக் குழந்தை. ராணுவம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் துப்பாக்கி ஏந்திப் போனார்கள். டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படை தாலின் துறைமுகத்துக்கு வந்தது, ஆயுதம் கொடுத்தது, இரண்டு செம்படை நாசகாரிக் கப்பல்களைப் பிடித்து எஸ்தோனியர்களிடம் ஒப்படைத்தது. பின்லாந்திலிருந்து 3,500க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்தார்கள். ஜனவரி முதல் வாரத்தில் தலைநகருக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட போர்முனை, அதே மாதம் 19ஆம் தேதி நார்வாவுக்கே திரும்பிப் போனது. 1920 பிப்ரவரி 2இல் தார்த்து ஒப்பந்தத்தில் சோவியத் ரஷ்யா எஸ்தோனியாவின் சுதந்திரத்தை ஏற்றது. வெளியுதவி இல்லாமல் அவர்கள் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டையிட யாரும் இல்லாத கரையில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆயுதத்தை யாரிடம் இறக்கியிருக்கும்?

தன் கையே தனக்கு உதவி என்ற பழமொழியை இங்கே யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். தன் கை மட்டும் எஸ்தோனியாவுக்குப் போதாது, ஒருபோதும் போதாது. ஓங்கிய தன் கைதான் பிறர் கையை வரவழைக்கிறது.

4. கெட்டிக்காரத்தனத்தால் நிலத்தைப் பிடித்துவைக்க முடியுமா?

இணையப் பாதுகாப்பில் சிறந்தவர்கள், அதை மட்டும் செய்யட்டும் என்ற யோசனை கேட்க நியாயமாக இருக்கிறது. 2007 வசந்தத்தில், தாலினில் சோவியத் காலத்து வெண்கலச் சிலையை இடம் மாற்றியதை ஒட்டி, எஸ்தோனிய அரசு, வங்கி, செய்தித்தாள் இணையதளங்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினில் தொடங்கப்பட்டது. அதற்குப் பெருமைப்படலாம். ஆனால் அந்த மையத்தால் தாப்பாவுக்குப் போகும் சாலையில் ஒரு கவச வண்டியை நிறுத்த முடியாது.

இந்த யோசனை ஏற்கெனவே சோதிக்கப்பட்டதும்கூட. 2004இல் மூன்று பால்டிக் நாடுகளும் நேட்டோவில் சேர்ந்தபோது அன்றைய ஞானம் இதுதான்: ஐரோப்பாவில் பெரும்போர் இனி இல்லை, கட்டாய ராணுவ சேவை பழைய காலத்து மிச்சம், தொலைதேசங்களுக்கு அனுப்பத்தக்க சிறிய தொழில்முறைப் படை போதும். லாட்வியா கட்டாய சேவையைக் கைவிட்டது. லித்துவேனியா 2008இல் நிறுத்திவைத்தது. எஸ்தோனியா கைவிடவில்லை. பழமைவாதம் என்று அப்போது அதைச் சொன்னார்கள். கிரிமியாவுக்குப் பிறகு, 2015இல் லித்துவேனியா திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் லாட்வியாவும் திரும்பியது.

இடையில் போன ஆண்டுகள் திரும்பவில்லை. எஸ்தோனியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 இளைஞர்கள் பயிற்சி முடித்து வீடு திரும்புகிறார்கள். பத்தாண்டு என்றால் 35,000 பேர். போர் வந்தால் எஸ்தோனியா திரட்டக்கூடிய 40,000க்கும் மேற்பட்ட படையின் பெரும்பகுதி இப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்தது. பீரங்கியைக் கடையில் வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்த, தன் பிரிவில் பக்கத்தில் யார் நிற்பார் என்று தெரிந்த, அழைப்பு வந்ததும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்த தச்சரையும் ஓட்டுநரையும் நிரலாளரையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இவர்களோடு கைட்ஸேலீட் என்ற தன்னார்வத் தற்காப்புச் சங்கமும் உண்டு. 1918இல் பிறந்தது, 1940இல் நாட்டைப் பிடித்த சோவியத் ஆட்சி அதை நிராயுதபாணியாக்கிக் கலைத்தது, சுதந்திரம் திரும்புவதற்கு முன்பே, 1990இல், மக்கள் அதை மறுபடி தொடங்கிவிட்டார்கள். வார இறுதிகளில் சம்பளமில்லாமல் காட்டில் பயிற்சி எடுக்கும் மனிதர்கள் அவர்கள். ஆக்கிரமிப்பாளர் எதை முதலில் கலைத்தார் என்று பார்த்தாலே எது அவருக்கு இடைஞ்சல் என்று தெரிந்துவிடும்.

சொந்தப் படை வேண்டும் என்றால் எல்லா ஆயுதமும் சொந்தமாக வேண்டும் என்று பொருளில்லை. 2025 செப்டம்பர் 19ஆம் தேதி ரஷ்யாவின் மூன்று மிக்-31 விமானங்கள் பின்லாந்து வளைகுடாவின் மேல் எஸ்தோனிய வான்பரப்பில் 12 நிமிடம் இருந்தன. எதிர்கொள்ளப் பறந்தவை எஸ்தோனியாவின் ஆமரி விமானத் தளத்திலிருந்த இத்தாலியின் எஃப்-35 விமானங்கள். 'பார்த்தீர்களா, எல்லாம் கூட்டாளியின் தயவு' என்றார்கள். எஸ்தோனியா பத்துப் போர் விமானம் வாங்கினால் அதன் பாதுகாப்புப் பணம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். கூட்டணி இருப்பது இப்படிப்பட்ட, சின்ன நாட்டுக்குக் கட்டுப்படியாகாத காரியங்களுக்காகத்தான். நிலத்தில் நிற்கும் மனிதர்கள் அனைவரையும் கூட்டாளியே தரக்கூடாது, தரவும் முடியாது. தாலின் இந்தப் பிரிவினையைச் சரியாகவே செய்திருக்கிறது: தென்கொரியாவின் கே-9 பீரங்கிகள், அமெரிக்காவின் ஹைமார்ஸ் ராக்கெட் வண்டிகள், கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள். காலாட்படைக்கான புதிய கவச வண்டிகளை வாங்கும் திட்டத்தை 2025இல் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை ட்ரோனுக்கும் வான் பாதுகாப்புக்கும் திருப்பியது. வான் பாதுகாப்பில் அவர்கள் தாமதமாகத்தான் விழித்தார்கள் என்பது என் குறை. அந்தக் குறை இன்னும் செய்யச் சொல்கிறது, விட்டுவிடச் சொல்லவில்லை.

5. சீண்டுகிறார்களா?

ரஷ்யா 2008இல் ஜார்ஜியாவுக்குள் படை அனுப்பியது. 2014இலும் 2022இலும் உக்ரைனுக்குள். மூன்று முறையும் தாக்கப்பட்டது நேட்டோவுக்கு வெளியே இருந்த நாடு. எஸ்தோனியாவின் எல்லையை ஒட்டிய பிஸ்கோவ் நகரம் ரஷ்யாவின் 76ஆவது வான்வழித் தாக்குதல் டிவிஷனின் ஊர். நேட்டோ தன்னைத் தாக்கும் என்று மாஸ்கோ உண்மையிலேயே அஞ்சியிருந்தால், எஸ்தோனிய எல்லையில் இருக்கும் தன் மிகச் சிறந்த படையை அங்கேயே வைத்திருக்கும். 2022இல் அதை எடுத்து உக்ரைனுக்கு அனுப்பியது. சீண்டல் வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பை மாஸ்கோவே கொடுக்க முடியாது.

6. பணம்

இந்த ஒன்றில் எதிர்த்தரப்புக்கு நிஜமான பிடிமானம் இருக்கிறது. எஸ்தோனியப் பொருளாதாரம் 2023இல் சுருங்கியது. 20 சதவீதமாக இருந்த மதிப்புக்கூட்டு வரி 2024இல் 22 ஆனது, 2025 ஜூலையில் 24 ஆனது. ஓய்வூதியத்தில் ரொட்டி வாங்கும் மூதாட்டியும் அந்த வரியைக் கட்டுகிறார். ராணுவத்துக்கான சுமையைப் பொருள்மீதான வரியில் ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. வசதியுள்ளவர்கள் கூடுதலாகச் சுமக்கும்படி அதை வேறு விதமாகப் பிரித்திருக்கலாம். ஆனால் சுமையை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி வேறு, சுமையே வேண்டாம் என்பது வேறு. கட்டாய சேவையும் தன்னார்வச் சங்கமும் சேர்ந்த இந்த ஏற்பாடுதான் இருப்பதிலேயே மலிவானது. 40,000 பேரை முழுநேரச் சம்பளத்தில் வைத்திருக்க 13 லட்சம் பேர் கொண்ட எந்த நாட்டாலும் முடியாது.

கூட்டாளியே முழுதும் பார்த்துக்கொள்வார் என்று பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் 2025 மார்ச் மாதத்தை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்கா உக்ரைனுக்கான ஆயுத உதவியையும் உளவுத் தகவல்களையும் சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே டொனால்டு டிரம்ப், போதிய பணம் செலவிடாத கூட்டாளி நாடுகளை ரஷ்யா என்ன செய்தாலும் ஊக்குவிப்பேன் என்று தேர்தல் கூட்டத்தில் பேசியிருந்தார். வாஷிங்டனின் மனநிலை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறலாம். நார்வா ஆறு இடம் மாறாது.

7. எதிர்த்தால் அழிவு என்பவர்களுக்கு

கடைசி வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதில் மனிதாபிமானம் இருக்கிறது. தோற்கப்போகிற சண்டையில் இளைஞர்களைப் பலி கொடுப்பது பாவம். பணிந்துபோனால் உயிராவது மிஞ்சும். எஸ்தோனியத் தலைவர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணினார்கள். 1939 செப்டம்பர் 28ஆம் தேதி ஸ்டாலினின் மிரட்டலுக்குப் பணிந்து, 25,000 சோவியத் வீரர்கள் தங்க ராணுவத் தளங்களைக் கொடுத்தார்கள். மக்களைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல நோக்கம்தான். 1940 ஜூனில் இறுதி எச்சரிக்கை வந்தபோது நாட்டுக்குள்ளேயே எதிரியின் படை இருந்தது. தாலினில் ராவா தெருவில் தகவல் தொடர்புப் பிரிவு வீரர்கள் கொஞ்சம் பேர் எதிர்த்துச் சுட்டதைத் தவிர நாடு சத்தமில்லாமல் விழுங்கப்பட்டது.

உயிர் மிஞ்சியதா? 1941 ஜூன் 14ஆம் தேதி சுமார் 10,000 பேர் சரக்கு ரயில்களில் நாடு கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு 30,000க்கும் மேற்பட்ட இளைஞர்கள் சோவியத் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அடுத்து வந்த ஜெர்மானியர் இன்னும் பல பத்தாயிரம் பேரைத் தங்கள் சீருடையில் நிறுத்தினார்கள். தம் நாட்டுக்காக ஒரு நாள்கூடப் போரிடாத எஸ்தோனிய இளைஞர்கள் இரண்டு அந்நியப் படைகளிலும் மாண்டார்கள். 1949 மார்ச்சில் மறுபடி 20,000க்கும் மேற்பட்டவர்கள் சைபீரியாவுக்கு. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தளங்களைக் கொடுத்த அதிபர் கான்ஸ்டான்டின் பாட்ஸ் 1956இல் ரஷ்யாவில் ஒரு மனநல மருத்துவமனையில் கைதியாக இறந்தார். படைத்தளபதி யோஹான் லைடோனர் 1953இல் விளாதிமிர் சிறையில் இறந்தார். வளைகுடாவுக்கு அப்பால் பின்லாந்து அதே மிரட்டலை மறுத்தது, 105 நாள் போரிட்டது, 25,000க்கும் மேற்பட்ட உயிர்களையும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலத்தையும் இழந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் பின்லாந்தை சோவியத் ராணுவம் ஆக்கிரமிக்கவில்லை, பின்லாந்து மக்கள் சைபீரியாவுக்கு ரயிலேறவில்லை, நாடாளுமன்றம் கலையவில்லை. எஸ்தோனியா தன் நாடாளுமன்றத்தைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டு ஆயிற்று; கடைசி ரஷ்ய வீரர் வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31இல்.

இது பழங்கதை என்று யாரும் சொல்ல முடியாதபடி 2022 வசந்தம் செய்துவிட்டது. கீவ் நகரத்தை ஒட்டிய புச்சா ஏறக்குறைய ஒரு மாதம் ரஷ்யப் படையின் பிடியில் இருந்தது. மீட்கப்பட்டபோது 400க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. யாப்லுன்ஸ்கா தெருவில் நடந்த கொலைகளை நியூயார்க் டைம்ஸ் புலனாய்வு 234ஆவது படைப்பிரிவோடு தொடர்புபடுத்தியது. பிஸ்கோவிலிருந்து போன அதே 76ஆவது டிவிஷனின் பிரிவு அது.

அந்த ஜூன் மாதம், எஸ்தோனியாவின் அன்றைய பிரதமர் கயா கல்லாஸ் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். அப்போதைய நேட்டோ திட்டப்படி பால்டிக் நாடுகள் முதலில் பறிபோகும், 180 நாள் கழித்துத்தான் மீட்கப்படும் என்றார். புச்சாவுக்கு ஒரு மாதம் என்றால் தாலினுக்கு ஆறு மாதம். கூட்டாளியே பார்த்துக்கொள்வார் என்பவர்கள் சிபாரிசு செய்யும் பாதுகாப்பு இதுதான். அதே மாத இறுதியில் மாட்ரிட் மாநாட்டில் நேட்டோ போக்கை மாற்றிக்கொண்டது. தேவைப்படும் இடங்களில் படைக்குழுக்களைப் பிரிகேடு அளவுக்கு உயர்த்துவதாக ஒப்புக்கொண்டது. 2023இல் எஸ்தோனிய டிவிஷன் என்ற புதிய தலைமையகம் உருவானது. போர் வந்தால் ஒரு பிரிட்டிஷ் பிரிகேடும் அதன் கட்டளையின் கீழ் வந்து சேரும். தன் வீரர்களை ஒரு சின்ன நாட்டின் தளபதியிடம் ஒப்படைக்க பிரிட்டன் சம்மதித்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் எஸ்தோனியர்கள் பிரிட்டிஷாரோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அந்தப் போரில் ஒன்பது எஸ்தோனிய வீரர்கள் உயிர் துறந்தார்கள். தாலினிடம் ஏற்கெனவே இரண்டு காலாட்படைப் பிரிகேடுகளும், அவற்றை நிரப்ப அழைத்தவுடன் வரும் மனிதர்களும் இருந்தார்கள். அந்த மனிதர்கள் இல்லாமல் வெறுங்கையோடு எஸ்தோனியா மாட்ரிட் போயிருந்தால், அந்த டிவிஷனும் இல்லை, அந்த பிரிகேடும் இல்லை. 180 நாள் திட்டம்தான் இன்றும் அதன் பாதுகாப்பாக இருந்திருக்கும்.